டிசம்பர் ஃப்ரீசரில் வரும் கூஸ் வாத்து: வாங்கலாம், முழுதாகச் சுட வேண்டாம்

டிசம்பர் பிறந்துவிட்டால் ரெயூனியன் தீவின் சூப்பர் மார்க்கெட் ஃப்ரீசர்களில் வான்கோழிக்கும் ஷபோனுக்கும் (காயடித்துக் கொழுக்க வைத்த சேவல்) பக்கத்தில் பிரான்சிலிருந்து வரும் உறைந்த கூஸ் வாத்தும் இடம் பிடிக்கும். எடை நான்கிலிருந்து ஐந்து கிலோ. உறையில் 'பிரெ தா குயிர்' என்று அச்சிட்டிருக்கும். அதாவது குடல் எடுத்து, தலையும் காலும் நீக்கி, நேராகச் சமையலுக்குத் தயாரானது. கடல் தாண்டி வருவதாலும் தீவுக்குள் வரும் சரக்குக்கான ஒக்த்ருவா த மேர் வரி சேர்வதாலும் கோழியோடு வைத்துப் பார்க்கும் விலை அல்ல இது. டிசம்பர் 24 இரவு ரெவெய்யோன் எனும் கிறிஸ்துமஸ் விருந்துக்கு இதை எடுக்கலாமா என்று யோசிப்பவர்களுக்காக இந்த மதிப்பீடு.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். ஆறு பேருக்குள் விருந்து என்றால் தாராளமாக வாங்குங்கள். பன்னிரண்டு பேர் என்றால் வேண்டாம். இந்தப் பறவைக்கு எலும்புக்கூடு பெரிது, தோலுக்கடியில் கொழுப்பு தடிமன். ஆளுக்கு 700 கிராம் பச்சை எடை என்று கணக்குப் போட்டால்தான் தட்டு நிறையும். வீட்டு ஓவனில் இரண்டு பறவைகள் சேர்ந்து வேகாது. பெரிய குடும்பத்துக்கு ஷபோனோ இரண்டு உள்ளூர் வாத்துகளோதான் சரி.

ஃப்ரீசரிலிருந்து எடுக்கும்போது உறையைத் தடவிப் பாருங்கள். பிளாஸ்டிக் தோலோடு ஒட்டியிருக்க வேண்டும். உள்ளே சிவப்பு நிறப் பனிக்கட்டி தேங்கியிருந்தால் வழியில் எங்கோ உருகி மறுபடி உறைந்திருக்கிறது என்று பொருள். மார்பில் வெள்ளையாக, காய்ந்த திட்டுகள் இருந்தால் அந்த இடம் வெந்தபின் அட்டையாகிவிடும். தேதியையும் பாருங்கள். மைனஸ் 18 டிகிரியிலும் கொழுப்பு மெல்ல மெல்லக் காறத்தான் செய்யும், கூஸில் கொழுப்புதான் பாதி மதிப்பு. தீமிதிக்காகக் கரேம் (புலால் தவிர்க்கும் விரதம்) இருக்கும் வீடுகளில் விரதம் முடியும்வரை ஃப்ரீசரில் வைத்திருந்து ஜனவரியில் சமைப்பது நல்ல யோசனைதான், தேதி நீளமாக இருக்கும் பொட்டலமாகப் பார்த்து எடுங்கள்.

தரத்தில் ஒரு குறை உண்டு. இறக்கை மடிப்பிலும் வால் ஓரத்திலும் குருத்து இறகுகளை அப்படியே விட்டுவிடுகிறார்கள். ட்வீஸரால் பிடுங்க இருபது நிமிடம் ஆகும். தீயில் வாட்டினால் முடி போகும், குருத்து போகாது.

பெரும்பாலான வீடுகளில் விருந்து கெடுவது உருக வைக்கும் கட்டத்தில்தான். நாலரைக் கிலோப் பறவைக்கு 4 டிகிரி ஃப்ரிட்ஜில் இரண்டரை நாள் வேண்டும். 20 டிசம்பர் விடுமுறை நாள். அன்று மாலை தட்டில் வைத்து ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு மாற்றினால் 23 காலை வெட்டலாம். சமையல் மேசையில் வைக்கவே கூடாது. நம் டிசம்பர் 30 டிகிரியில் நடுவில் ஐஸ் இருக்கும்போதே வெளித்தோலில் கிருமி பெருகிவிடும். நேரம் தப்பிவிட்டால் உறையோடு குளிர்ந்த தண்ணீரில் மூழ்கவைத்து அரை மணிக்கொரு தரம் தண்ணீரை மாற்றுங்கள், ஐந்து மணி நேரத்தில் உருகும். அப்படி உருக்கியதை உடனே சமைத்துவிட வேண்டும். எந்த வழியானாலும் கடைசியில் வயிற்றுக்குள் கைவிட்டுப் பாருங்கள். ஈரல், இரைப்பை, கழுத்து வைத்த பை அங்கே ஐஸோடு ஒட்டிக்கொண்டிருக்கும். அந்த ஐஸ் கரையாமல் ஓவனுக்குப் போனால் மார்பு காய்ந்தபிறகும் தொடை மூட்டில் ரத்தம் நிற்கும்.

இனி தலைப்பில் சொன்ன விஷயம். மார்பும் தொடையும் ஒரே நேரத்தில் பதமாக வேகாத பறவை இது. தொடை நன்றாக நடந்த தசை, நார் இளக இரண்டு மணி நேரம் ஈரச் சூடு வேண்டும். மார்புக்கு அதில் பாதி போதும். முழுதாகச் சுட்டால் இரண்டில் ஒன்றைப் பலி கொடுத்தே ஆக வேண்டும். வெள்ளித் தட்டில் முழுப் பறவை வரும் அழகு எனக்கும் பிடிக்கும். ஆனால் சாப்பிடுவதற்குத்தானே வாங்குகிறோம்! 23 காலையிலேயே தொடைகளையும் இறக்கைகளையும் மூட்டில் வெட்டி எடுத்துவிடுங்கள். மார்பு எலும்போடு தனியாக இருக்கட்டும்.

தொடை, இறக்கை, கழுத்து மூன்றும் மசாலே (ரெயூனியன் கறிப்பொடி) போட்ட கறிக்கு. துண்டு போட்டால் ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ வரும். எண்ணெய் ஒரு சொட்டு வேண்டாம். கனமான சட்டியில், சூடேற்றாமலே, தோல் பக்கம் கீழே இருக்கும்படி துண்டுகளை அடுக்கிச் சிறு தீயில் வையுங்கள். கொழுப்பு தானாக இறங்கித் தோல் சிவக்கும். பிறகு துண்டுகளை எடுத்துவிட்டு இரண்டு மேசைக்கரண்டி கொழுப்பு மட்டும் வைத்துக்கொண்டு மீதியை வடித்துவிடுங்கள். வடிக்காமல் மசாலா போட்டால் காரமும் மணமும் கொழுப்பிலேயே தங்கி, இறைச்சி சப்பென்று இருக்கும். மூன்று பெரிய வெங்காயம், எட்டுப் பல் பூண்டு, விரல் நீள இஞ்சி, இரண்டு கொத்துக் கறிவேப்பிலை வதங்கியதும் ஒரு தேக்கரண்டி மஞ்சள், இரண்டரை மேசைக்கரண்டி மசாலே, மூன்று தக்காளி. துண்டுகளைத் திரும்பப் போட்டு 600 மில்லி தண்ணீர் ஊற்றி மூடி, இரண்டு மணி நேரம் சிறு தீ. சிலாவோ மலையூர் போல 1200 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 96 டிகிரியிலேயே கொதித்துவிடும், அங்கே அரை மணி கூடுதலாக வையுங்கள். சிறு எலுமிச்சையளவு புளியைக் கரைத்துக் கடைசிக் கால் மணியில் சேர்க்க வேண்டும்.  இந்தக் கறியை 23 அன்றே செய்து ஃப்ரிட்ஜில் வைத்தால் மறுநாள் மேலே படிந்த கொழுப்பை வழித்தெடுத்துச் சூடாக்கலாம், மசாலாவும் நன்றாக ஊறியிருக்கும்.

மார்புக்குத் தோல்தான் முக்கியம். கோணி ஊசி போன்ற கூர்மையான ஒன்றைச் சாய்வாகப் பிடித்துத் தோலையும் கொழுப்பையும் மட்டும் குத்துங்கள். நேராகக் குத்தி இறைச்சியில் இறங்கினால் சாறு ஓடிவிடும். இரண்டு லிட்டர் கொதிநீரை மேலே ஊற்றினால் தோல் இறுகும். ஈரம் துடைத்து, ஒரு மேசைக்கரண்டி உப்பு தேய்த்து, மூடாமல் ஃப்ரிட்ஜில் ஒரு நாள் வையுங்கள். 24 மாலை கம்பித் தட்டில் வைத்து, அடியில் ஆழமான தட்டில் 300 மில்லி தண்ணீர் ஊற்றிக்கொள்ளுங்கள், வடியும் கொழுப்பு புகையாது. முதல் இருபது நிமிடம் 220 டிகிரி, பிறகு 160. மொத்தம் ஒன்றேகால் மணியை ஒட்டி ஆகும், ஆனால் கடிகாரத்தை நம்பாமல் தெர்மாமீட்டரை நம்புங்கள். எலும்பைத் தொடாமல் தடித்த இடத்தில் 70 டிகிரி காட்டியதும் எடுத்து, இருபத்தைந்து நிமிடம் ஆறவிட்டால் பாதுகாப்பான 74 டிகிரிக்குத் தானே ஏறும். உயராவிட்டால் திரும்ப உள்ளே வையுங்கள். ஓவனோடு வந்த தட்டு ஆழம் குறைவு. பாதியில் ஒருமுறை கரண்டியால் கொழுப்பை அள்ளாவிட்டால் வழிந்து சூட்டுக்கம்பியில் பட்டுத் தீப்பிடிக்கலாம். தேன் தடவ ஆசைப்பட்டால் கடைசிப் பத்து நிமிடத்தில் மட்டும்.

மரோன் (செஸ்ட்நட்) பூரணத்தை வயிற்றில் அடைக்கும் பிரெஞ்சு வழக்கத்தை நான் பரிந்துரைக்க மாட்டேன். அது கொழுப்பை உறிஞ்சிக் கனத்துவிடும். தனித் தட்டில் சுடுங்கள். பக்கத்தில் புளிப்பு கட்டாயம் வேண்டும், பச்சை மாங்காய் ருகாய் (காரமான தொடுகறி) போல இதற்குப் பொருந்துவது வேறில்லை. வாத்துக்குச் செய்யும் வெனிலா சாறும் கூஸ் மார்புக்கு நன்றாக எடுபடும், ஆனால் மசாலே கறி இருக்கும் அதே பந்தியில் இரண்டும் இடிக்கும்.

கொழுப்புக்கு வருவோம். வயிற்றுக்குள்ளிருந்து பிய்த்த கட்டிகள், வெட்டிய தோல் ஓரங்கள் எல்லாவற்றையும் அரை டம்ளர் தண்ணீரோடு சிறு தீயில் உருக்குங்கள். தண்ணீர் வற்றி, சலசலப்பு அடங்கி, தெளிந்ததும் வடிகட்டிக் கண்ணாடி ஜாடியில் ஊற்றுங்கள். ஒரு பறவையில் அரை லிட்டருக்கு மேல் கிடைக்கும். ஃப்ரிட்ஜில் மூன்று மாதம் தாராளமாக நிற்கும். 190 டிகிரிக்கு மேல் புகையும், ஆகையால் ஆழமாகப் பொரிக்க வேண்டாம். பாதி வேகவைத்த உருளைக்கிழங்கை இதில் புரட்டி ஓவனில் சிவக்க விடுங்கள். சிலாவோ பருப்புக்குப் புதுச்சேரி வடகத்தை இந்தக் கொழுப்பில் தாளித்துக் கொட்டினால் அந்த மணத்துக்காகவே பறவையை வாங்கலாம். தீ சிறிதாக இருக்கட்டும், வடகத்து வெங்காயம் சட்டென்று கருகும்.

இவ்வளவு வேலைக்கு நேரமில்லாத இரண்டு, மூன்று பேர் உள்ள வீட்டுக்கு அதே கடைகளில் விற்கும் கூஸ் தொடை கான்ஃபி (கொழுப்பிலேயே மெல்ல வேகவைத்தது) டப்பா போதும். டப்பாவை வெந்நீரில் கால் மணி வைத்துக் கொழுப்பு இளகியபின் திறவுங்கள், இல்லாவிட்டால் தோல் பிய்ந்துவிடும். 200 டிகிரியில் தோல் மேலே இருக்கும்படி இருபது நிமிடம் வைத்தால் போதும். ஏற்கெனவே உப்பிட்டு வெந்தது என்பதால் மேலே உப்பு வேண்டாம், கறிக்கும் இது ஆகாது, கிளறினாலே நாராகிவிடும்.