பரணில் கிடந்த சைட்விண்டரா, புதுசாய் வாங்கிய டி.16000எம்-ஆ?

போகிக்கு முந்தின நாள் அம்மாபேட்டை வீட்டுப் பரணைக் காலி செய்யும்போது, பழைய இரும்புக்காரருக்கு ஒதுக்கிய சாக்குக்குள் கிடந்தது மைக்ரோசாஃப்ட் சைட்விண்டர் ஃபோர்ஸ் ஃபீட்பேக் 2, கம்ப்யூட்டரில் விமானம் ஓட்டும் ஜாய்ஸ்டிக். டெக்சாஸில் இருக்கும் பெரியப்பா மகன் 2001-இல் ஊருக்கு வந்தபோது கொடுத்துவிட்டுப் போனது. "அதை வச்சு என்னடா பண்ணப் போற, கனமா இருக்கு, எடைக்குப் போட்டா நாலு காசாவது வரும்" என்றார் அம்மா. இதில் வேடிக்கை, மூன்று மாதம் முன்புதான் கடையில் த்ரஸ்ட்மாஸ்டர் டி.16000எம் என்ற இன்னொரு ஜாய்ஸ்டிக் வாங்கியிருந்தேன். இரண்டையும் ஒரே மேஜையில் வைத்துப் பல வாரம் ஓட்டிவிட்டேன். நடுநிலை எல்லாம் எதிர்பார்க்காதீர்கள், நான் பழசின் கட்சி.

புதுசின் பெருமையை முதலில் சொல்லி முடித்துவிடுகிறேன். 16 பட்டன், பழசில் 8 தான். இடது கைக்காரர்களுக்கும் மாற்றிக்கொள்ளலாம். முன்பின், இடவலம் இரண்டையும் காந்தமும், அதைத் தொடாமலே உணரும் ஹால் சென்சாருமே அளப்பதால் அங்கே தேய எதுவும் இல்லை, துல்லியத்தில் பழசு கிட்டேகூட வராது. கைப்பிடியைத் திருகினால் மூக்கை இடவலம் திருப்பும் ரடர், சுற்றிப் பார்க்கத் தொப்பி சுவிட்ச், இன்ஜின் வேகத்துக்குச் சின்ன திராட்டில் இரண்டிலும் உண்டு. இவ்வளவுதான்.

சாதாரண ஜாய்ஸ்டிக்கில் இருப்பது ஸ்பிரிங். விமானம் ஓடுபாதையில் நின்றாலும் தலைகுப்புறப் பாய்ந்தாலும் கைக்கு ஒரே இறுக்கம்தான். சைட்விண்டரின் அடியில் இரண்டு மோட்டார் இருக்கிறது, எந்தப் பக்கம் எவ்வளவு தள்ளவேண்டும் என்று விளையாட்டே அதற்குச் சொல்கிறது. ஐஎல்-2 என்ற போர் விமான விளையாட்டில் வேகம் கூடக் கூட குச்சி கனக்கிறது, ஸ்டால் ஆகப் போகிறது, அதாவது இறக்கை தூக்குவதை விடப் போகிறது என்றால் திரையைப் பார்க்கும் முன்னே உள்ளங்கையில் நடுக்கம் வந்துவிடுகிறது. அதைவிட முக்கியம் டிரிம், அதாவது கையால் அழுத்திக்கொண்டே இராமல் விமானத்தை அதே நிலையில் நிறுத்தும் ஏற்பாடு. ஸ்பிரிங் குச்சியில் டிரிம் போடும்போதே கையைக் கொஞ்சம் கொஞ்சமாக நடுவுக்குக் கொண்டுவர வேண்டும், அது எப்போதும் அரைகுறையாகத்தான் முடியும். இதில் குச்சியை ஓரிடத்தில் பிடித்துக்கொண்டு, கையில் அழுத்தம் போகும்வரை டிரிம் போட்டால் போதும், நிஜ விமானத்தில் செய்வதும் அதைத்தான். டிசிஎஸ் என்ற விளையாட்டில் ஹியூயி ஹெலிகாப்டர் ஓட்டுபவர்களுக்கு இன்னும் சுகம், டிரிம் பட்டனை விட்ட இடத்தில் குச்சி நிற்கும்.

ஆனால் எல்லா விளையாட்டிலும் இந்தச் சுகம் கிடைக்காது. ஃப்ளைட் சிமுலேட்டர் 2020-இல் நம்ம காமலாபுரம் விமான நிலையத்தில் இருந்து ஏறி, கிழக்கே திரும்பி, 1623 மீட்டர் சேர்வராயன் மலையைச் சுற்றி வருவது எனக்கு வாராவாரம் ஒரு வழக்கம். அந்த விளையாட்டு தானாக விசை எதுவும் அனுப்பாது, தனி மென்பொருள் போட்டால்தான் உண்டு. அது இல்லாமல் பார்த்தால் அங்கே இரண்டு குச்சியும் ஒன்றுதான்.

சரி, பழசை எடுப்பதா வேண்டாமா என்பதை முடிவு செய்வது இதெல்லாம் இல்லை, பராமரிப்புதான். அதிலும் முதலில் கரண்ட். இதன் பவர் சப்ளை உள்ளேயே இருக்கிறது, தனி அடாப்டர் கிடையாது, வயர் நேரே பிளக்குக்கு வருகிறது. அமெரிக்காவில் விற்றது அந்த ஊர் 120 வோல்ட்டுக்கானது. நம் 230-இல் அப்படியே செருகினால் கதை அங்கேயே முடிந்துவிடும். நான் தப்பியது அடியில் ஒட்டியிருந்த லேபிளைத் தற்செயலாகப் படித்ததால். செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் ஒரு எலக்ட்ரிகல் கடையில் ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்பார்மர் கேட்டேன். "என்னங்ண்ணா, அமெரிக்கா மிக்சியா?" என்றார் கடைப் பையன். விளையாட்டுச் சாமான் என்று சொல்ல வெட்கமாக இருந்தது, ஆமாம் என்று வாங்கிவந்துவிட்டேன். செங்கல் கனம், ராத்திரியில் பழைய டியூப்லைட் சோக் மாதிரி ஒரு ரீங்காரம். ஐரோப்பாவில் விற்றது கிடைத்தால் இந்தத் தொல்லையே இல்லை. யாரிடமாவது வாங்குவதாக இருந்தால் முதலில் அந்த லேபிளின் போட்டோவைக் கேளுங்கள், மற்றதெல்லாம் அப்புறம்.

அடுத்தது திராட்டில். தொடாமலே 40-க்கும் 60-க்கும் குதித்துக்கொண்டிருந்தது. இருபது வருடத்துக்கு மேல் எங்கள் பரண் தூசி, வேறென்ன. திறந்து பார்த்தால் உள்ளே இருப்பது பழைய ரேடியோவின் வால்யூம் கன்ட்ரோல் மாதிரியே ஒரு சாமான், கரகரவென்று சத்தம் வரும் ரேடியோவுக்கு என்ன வைத்தியமோ அதேதான் இதற்கும். காண்டாக்ட் கிளீனர் ஸ்ப்ரே இரண்டு அடி அடித்து, கோடிக்குக் கோடி முப்பது நாற்பது தடவை தள்ளினேன், குதிப்பது நின்றது. பிறகு கைப்பிடி சென்சார். கை பிடித்திருக்கிறதா என்று ஒரு கண் பார்த்துக்கொண்டே இருக்கும், கை எடுத்தால் மோட்டார் ஓய்ந்துவிடும். என்னுடையதில் அந்தக் கண் மங்கிவிட்டது, விளையாட்டு நடுவில் விசை வந்து வந்து போனது. மனைவியின் பெரிய சைஸ் ஸ்டிக்கர் பொட்டை அதன் மேல் ஒட்டினேன். அருமையாக வேலை செய்தது, இரண்டாம் நாள் வியர்வையில் வழுக்கி விழுந்தது. இப்போது கறுப்பு இன்சுலேஷன் டேப். மறைத்துவிட்டால் மோட்டார் ஓயவே ஓயாது என்பதால், முடித்ததும் டிரான்ஸ்பார்மரை அணைத்துவிடுகிறேன்.

இதை எல்லாம் தொல்லை என்று நினைப்பவர்கள் புதுசை எடுங்கள், தப்பே இல்லை. எனக்குக் கணக்கு வேறு. 2003-இல் மைக்ரோசாஃப்ட் சைட்விண்டர் ஜாய்ஸ்டிக்குகளை நிறுத்திவிட்டது, ஸ்பேர் கிடையாது. ஆனால் நான் தொட்ட இரண்டு கோளாறுக்கும் மருந்து சேலத்துக் கடையிலேயே, நூறு இருநூறுக்குள் கிடைத்தது. டிரைவர்கூடத் தேடவில்லை, விண்டோஸ் 10-இல் செருகியதும் எடுத்துக்கொண்டது. மோட்டாரோ கியரோ போனால் என்ன செய்வேன்? தெரியாது, இன்னொரு பழசைத் தேடி வாங்கிப் பிரிக்க வேண்டியிருக்கும்.

1997-இல் வந்த இதன் அண்ணன் ஃபோர்ஸ் ஃபீட்பேக் ப்ரோ கிடைத்தால், அது யுஎஸ்பி-க்கு முந்தின பழைய கம்ப்யூட்டர்களின் கேம்போர்ட் பின் என்பதை நினைவில் வையுங்கள். சின்ன மைக்ரோகன்ட்ரோலர் போர்டு வைத்து யுஎஸ்பி ஆக்குகிறார்கள், நான் செய்து பார்த்ததில்லை. மோசா ஏபி9 மாதிரி இப்போது வரும் ஃபோர்ஸ் ஃபீட்பேக் பேஸ்களைக் கையால் தொட்டதும் இல்லை. என் பர்ஸ் அந்தப் பக்கம் போகாது.

டி.16000எம்-ஐ விற்கவில்லை. சனிக்கிழமை ஏற்காட்டில் சித்தி வீட்டுக்குப் போகும்போது லேப்டாப் பையில் அதுதான் ஏறும், இருபது கொண்டை ஊசி வளைவுக்கும் அந்தச் செங்கல் டிரான்ஸ்பார்மரை யார் மடியில் வைத்துக்கொண்டு போவது? அங்கே மழைக்காலத்தில் இடி இடித்தால் கரண்ட் போகும். சைட்விண்டராக இருந்தால் உள்ளே ஸ்பிரிங் இல்லாததால் குச்சி துவண்டு ஒரு பக்கம் சாய்ந்துவிடும். இது லேப்டாப் பேட்டரியிலேயே ஓடும். போன வாரம் சித்தி மெழுகுவர்த்தி கொண்டுவந்து வைத்தபோதும் நான் இறங்கிக்கொண்டுதான் இருந்தேன்.