சான் டியேகோவில் விடுமுறை வீடு எடுக்கப் போகிறீர்களா? 2,340 டாலரைத் தொலைத்துவிட்டு எழுதுகிறேன்

கை இன்னும் நடுங்குகிறது, கோர்வையாக எழுத வரவில்லை. நேற்று மாலை நாலரை மணிக்கு மிஷன் பீச்சில் ஒரு வீட்டு வாசலில் பெட்டிகளோடு நின்றோம். கதவுப் பூட்டுக்கு அனுப்பிய எண்ணை மூன்று தடவை அழுத்தினேன், திறக்கவில்லை. நாலாவது தடவை உள்ளேயிருந்து ஒரு பெண்மணி வந்து திறந்தார். அது அவர் குடியிருக்கும் வீடு. "இந்த மாதம் நீங்கள் இரண்டாவது குடும்பம்" என்றார்.

நாங்கள் இருப்பது அரிசோனாவில், சாண்ட்லரில். ஜூலையில் வெயில் 110 டிகிரியைத் தாண்டிவிடும். ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மா அப்பா பகலெல்லாம் ஏசிக்குள்ளேயே அடைந்து கிடந்தார்கள். இந்தப் பக்கத்து ஜனங்கள் எல்லோரையும் போல நாலு நாள் சான் டியேகோ கடற்கரைக்குப் போகலாம் என்று கிளம்பினோம். மிஷன் பீச்சில் ஒரு பக்கம் பசிபிக், மறு பக்கம் விரிகுடா, நடுவில் ஒடுங்கிய நிலம். சில நிமிடம் நடந்தால் தண்ணீர். அம்மாவுக்கு முழங்கால் வலி என்பதால் அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தேன்.

பெரிய வாடகைத் தளம் ஒன்றில் விளம்பரம் பார்த்துச் செய்தி அனுப்பினேன். பத்து நிமிடத்தில் அந்த ஆள் போனில் வந்தார். எந்த இடத்தில் நம்பினேன் என்று ராத்திரி முழுக்க யோசித்தேன். அம்மாவின் முழங்கால்தான். படி ஏற வேண்டுமா என்று கேட்டேன். "கீழேயே ஒரு படுக்கையறை இருக்கிறது. என் அம்மாவுக்கும் இதே தொந்தரவு, குளியலறையில் பிடித்துக்கொள்ளக் கம்பி போட்டிருக்கிறேன்" என்றார். சாயங்காலம் ஒரு வீடியோ வந்தது. தெருவிலிருந்து கடல் வரை நடக்கிறார், பெல்மான்ட் பார்க்கில் 1925 முதல் நிற்கும் மர ரோலர் கோஸ்டர் தெரிகிறது. அதை யார் வேண்டுமானாலும் எடுத்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அம்மா போனை வாங்கி இரண்டு தடவை பார்த்தார்.

அப்புறம்தான் பணப் பேச்சு. "தளம் வழியாகக் கட்டினால் சேவைக் கட்டணம் 310 டாலர் வீண். வங்கி ஆப்பில் நேரே அனுப்புங்கள், நகர வரியும் இதிலேயே சேர்த்தி." தளத்திலேயே கட்டிவிடு என்று கணவர் சொன்னார். நான்தான் கேட்கவில்லை. 2,340 டாலர், ஒரே தடவையில் அனுப்பினேன்.

நேற்று வாசலில் நின்று கூப்பிட்டபோது இரண்டு தடவை மணி அடித்தது, பிறகு அதுவும் இல்லை. தளத்தின் உதவி எண்ணில் ஐம்பது நிமிடம் காத்திருந்தேன். "பணம் எங்கள் வழியாக வரவில்லை, எங்கள் பொறுப்பில்லை" என்றார்கள். விளம்பரம் உங்களிடம்தானே இருந்தது என்றால், "உங்கள் கருத்தைக் குறித்துக்கொண்டோம்." இன்று காலை வரை அந்த விளம்பரம் அங்கேயே இருந்தது! வங்கியில் மூன்று பேர் மாறி மாறி ஒரே வாக்கியத்தைப் படித்தார்கள்: நீங்களே ஒப்புதல் கொடுத்து அனுப்பிய பணம். நான் என்ன, தூக்கத்திலா அனுப்பினேன் என்று சொன்னேன்? ஏமாற்றி வாங்கினான் என்கிறேன். மேலாளரிடம் பேச வேண்டுமானால் திங்கட்கிழமை கூப்பிட வேண்டுமாம்.

ராத்திரி மிஷன் வேலியில் ஃப்ரீவே ஓரம் அறை கிடைத்தது. "விடும்மா, காசுதானே" என்றார் அம்மா. அப்பா எதுவும் பேசவில்லை.

விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், முடியவில்லை. இதை மட்டும் பாருங்கள். சான் டியேகோ நகரில் ஒரு மாதத்துக்குக் குறைவாக வீட்டை வாடகைக்கு விட 2023 மே மாதத்திலிருந்து உரிமம் கட்டாயம், அந்த எண் விளம்பரத்தில் இருக்க வேண்டும். மிஷன் பீச்சில் முழு வீட்டையும் வாடகைக்கு விடும் உரிமத்துக்கு, அங்குள்ள மொத்த வீடுகளில் 30 சதவீதம் என்று வரம்பே இருக்கிறது. எங்கள் விளம்பரத்திலும் ஓர் எண் இருந்தது. அது வேறு தெருவில் உள்ள வீட்டுடையது என்று நகராட்சித் தளத்தில் தேடி இன்று காலைதான் கண்டுபிடித்தேன். ஐந்து நிமிட வேலை. எண்ணும் முகவரியும் பொருந்துகிறதா என்று பாருங்கள். தளத்துக்கு வெளியே காசு கேட்டால் பேச்சை அங்கேயே நிறுத்துங்கள். கிரெடிட் கார்டில் கட்டுங்கள், அதிலாவது தகராறு எழுப்பச் சட்டப்படி வழி உண்டு.

போலீஸிலும் எஃப்பிஐயின் இணையக் குற்றப் புகார் மையத்திலும் எழுதிக் கொடுத்தாயிற்று. நீலக் கதவு, பக்கத்தில் சாய்த்து வைத்த இரண்டு அலைச்சறுக்குப் பலகைகள். அந்தப் படத்தை எந்த விளம்பரத்தில் பார்த்தாலும் தயவுசெய்து ஒரு டாலர்கூட அனுப்பாதீர்கள்.