ஷெட்டுக்கு அடியில் நாலு குட்டிகள்: மூன்று மாதத்துக்கு மேல் ஓடிய ட்ரெயில் கேமரா

லண்டனுக்கு வந்த முதல் ஜனவரியில், நடு ராத்திரியில் தெருவில் கேட்ட அலறலை யாரோ ஒரு பெண் ஆபத்தில் இருக்கிறாள் என்றே நினைத்தேன். ஊரில் நரி என்றால் கூட்டமாக ஊளையிடும். இங்கிருக்கும் செந்நரி அப்படியில்லை, இணை சேரும் காலத்தில் தனியாக நின்று கத்தும். அந்தச் சத்தம் அடங்கி ஏறக்குறைய 52 நாளில் குட்டி பிறக்கும். இந்த வருஷம் தாய்நரி பிடித்த இடம் லண்டன் புறநகரான ஹாரோவில் எங்கள் வீட்டுத் தோட்டத்து ஷெட்டின் பலகைத் தரைக்கு அடியில்.

கிட்டப் போய் எட்டிப் பார்க்க ஆசைதான். ஆனால் மனுஷ நடமாட்டம் பிடிக்கவில்லையென்றால் தாய் ஒவ்வொரு குட்டியாக வாயில் கவ்விக்கொண்டு வேறு வளைக்குப் போய்விடும். அதனால் மார்ச் தொடக்கத்தில், குட்டி பிறப்பதற்கு முன்பே, இந்த ட்ரெயில் கேமராவை 48 பவுண்டுக்கு வாங்கினேன். இதே பெட்டி இணையத்தில் நாலைந்து பெயரில் விற்கிறது, பெயரைச் சொல்லிப் பயனில்லை.

உடம்புச் சூடுள்ள ஏதாவது முன்னால் அசைந்தால் தானே விழித்துப் பதிவு செய்யும் கேமரா இது. ராத்திரிக்கு அகச்சிவப்பு விளக்கு. ஒளியின் அலைநீளத்தை வைத்து அதில் 850 நானோமீட்டர், 940 நானோமீட்டர் என்று இரண்டு வகை உண்டு. முதல் வகை தூரம் வரை பிடிக்கும், ஆனால் சிவப்பாக லேசாக மினுங்கும். நான் 940 எடுத்தேன். வெளிச்சம் கொஞ்சம் குறைவு, நரி கண்ணை உறுத்தாது. வளை வாயிலிருந்து மூன்று மீட்டர் தள்ளி, முழங்கால் உயரத்தில் ஒரு குச்சியில் கட்டினேன். அதைவிடக் கிட்ட வைத்தால் படம் மங்கிவிடுகிறது. பகலிலிருந்து இரவுக்கு மாறும்போது உள்ளே ஒரு ‘டிக்’ சத்தம் வரும். முதல் இரண்டு நாள் தாய் அதைக் கேட்டு நின்று முறைத்தது, அப்புறம் பழகிவிட்டது.

பெட்டியில் 36 மெகாபிக்சல் என்று போட்டிருக்கிறார்கள், அதை நம்ப வேண்டாம். சின்ன சென்சார் எடுத்த படத்தை மென்பொருள் இழுத்துப் பெரிதாக்குவதுதான் அது. போட்டோவை விட்டுவிட்டு 20 விநாடி வீடியோ வையுங்கள். அது நன்றாகவே இருக்கிறது.

அந்த வீடியோக்களுக்காக இன்னொரு 48 பவுண்டும் கொடுப்பேன். மார்ச் கடைசியில் தாய் வெளியே தலைகாட்டவே இல்லை. குட்டிகளுக்குக் கண் திறக்காத நாட்கள் அவை, தாயின் சூடு இல்லாமல் அவற்றால் தாங்க முடியாது. ராத்திரிதோறும் ஆண்நரி வந்தது. ஒரு நாள் முழுப் புறா, ஒரு நாள் பொரித்த கோழி வாங்கும் அட்டைப் பெட்டி. வளை வாயில் வைத்துவிட்டு ஒரு நிமிஷம் நின்று கேட்டுவிட்டுப் போகும். ஏப்ரல் 18 சாயங்காலம் முதல் குட்டி வெளியே வந்தது. செம்பட்டை நிறமே இல்லை, சாக்லேட் பழுப்பு. கண் நீலம். மறுநாள் எண்ணினால் நாலு. மே மாதம் கண் தேன் நிறமாகி, முகம் சிவந்து நரி முகமாயிற்று. தாய் நின்றபடியே பால் கொடுக்கும், நாலும் வயிற்றுக்கடியில் முட்டி மோதும். என் தோட்டக் கையுறை ஒன்றை வைத்து நாலும் கயிறிழுத்த வீடியோவை தாராபுரத்தில் இருக்கும் அம்மாவுக்கு அனுப்பினேன். “தினமும் நரி மொகத்துல முழிக்கறயே கண்ணு, நல்லதுதான்” என்றார்.

இப்போது குறை. பேட்டரி அளவு காட்டும் குறியை நம்பாதீர்கள். எட்டு சாதாரண ஆல்கலைன் பேட்டரி போட்டிருந்தேன். குறி பாதிக்கு மேல் காட்டியது, பகலில் வீடியோவும் வந்தது. ஆனால் அகச்சிவப்பு விளக்கு எரிய நிறைய மின்சாரம் இழுக்கும்; தேய்ந்த பேட்டரியால் அதைத் தர முடியாது. மே 21, 22 இரண்டு ராத்திரியும் கார்டில் ஒன்றுமே இல்லை. 23-ஆம் தேதி காலையில் மூன்று குட்டிதான் இருந்தது. எல்லாவற்றிலும் சின்னது, வலது முன்கால் மட்டும் முழங்கால் வரை கறுத்திருந்த குட்டி, அதற்கப்புறம் ஒரு வீடியோவிலும் இல்லை. பழைய பதிவுகளை நாலு ராத்திரி உட்கார்ந்து திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அந்த இரண்டு ராத்திரி இருந்திருந்தால் என்ன நடந்தது என்றாவது தெரிந்திருக்கும். விற்றவருக்கு எழுதினேன், “புது பேட்டரி போடுங்கள்” என்று ஒரு வரி பதில்.

லித்தியம் பேட்டரி போட்ட பிறகு ஐந்து வாரம் ஒரு ராத்திரியும் விடவில்லை. விலை இரண்டு மடங்குக்கு மேல், இருந்தாலும் முதல் நாளிலிருந்தே அதைப் போடுங்கள். கார்டு 32 ஜிபி போதும். வெயில் பட்டு அசையும் செடியையும் நரி என்று எண்ணிப் பதிவு செய்கிறது, முன்னால் இருக்கும் புல்லை முதலிலேயே வெட்டிவிடுங்கள். கட்டும் பட்டையின் கொக்கி இரண்டாவது வாரமே உடைந்தது, சணல் கயிறு போதுமானதாக இருந்தது.

ஐந்துக்கு மூன்றரை கொடுக்கிறேன். ஜூன் கடைசியில் மூன்று குட்டிகளும் வளையை விட்டு, பக்கத்து வீட்டு லாரல் புதருக்குள் படுக்கப் போய்விட்டன. நேற்று விடியற்காலை 4.40-க்கு ஒன்று மட்டும் ஷெட்டுப் பக்கம் திரும்பி வந்து, கையுறை கிடந்த இடத்தை மோந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறது. கேமராவை இன்னும் கழற்றவில்லை.