நாரஹேன்பிட்ட பிளட் பாங்க்: அக்காவுக்கென்று போய் யாருக்கோ கொடுத்துவிட்டு வந்தோம்

முதலில் மதிப்பெண். நாரஹேன்பிட்ட எல்விட்டிகல மாவத்தையில் இருக்கும் தேசிய இரத்த நிலையத்துக்கு 5க்கு 5. அக்காவைச் சேர்த்திருந்த தனியார் ஆஸ்பத்திரிக்கு 2, அதுவும் கன்ரீனில் மீன் ரோல்ஸ் நன்றாக இருந்ததால்தான். அதன் பெயரை எழுதமாட்டேன், அத்தான் வேண்டாம் என்று சொல்லிவிட்டார், இன்னும் அங்கே கிளினிக்குக்குப் போய்வர வேண்டியிருக்கிறதாம்.

அக்கா என்றது பெரியம்மாவின் மகள், கொட்டாஞ்சேனையில் இருக்கிறார். கர்ப்பப்பையில் கட்டி, மாதாமாதம் இரத்தம் போய்ப் போய் ஹீமோகுளோபின் 8க்கு இறங்கிவிட்டது, கர்ப்பப்பையை எடுத்தே ஆகவேண்டும், ஒப்பரேஷனில் இரத்தம் ஏற்ற வேண்டி வரலாம் என்று டொக்டர் சொல்லியிருக்கிறார். இதைக் கேட்டதும் வெள்ளவத்தையிலிருந்து நாங்கள் ஒரு படையாகக் கிளம்பிவிட்டோம். நான், மச்சான், கந்தோரில் என்னோடு வேலை செய்யும் தெமட்டகொடை நண்பர், துணைக்கு மாமி. மாமி இரத்தம் கொடுக்க வரவில்லை, நாங்கள் மயங்கி விழுந்தால் பார்த்துக்கொள்ள வந்தவர்.

நாங்கள் கணக்கில் எடுக்காத ஒரு விஷயம் இருந்தது. அக்கா யெகோவாவின் சாட்சி, பைபிள் வசனத்தைக் காட்டி இரத்தம் ஏற்ற மறுக்கும் ஒரு கிறிஸ்தவப் பிரிவு. பதினைந்து வருஷமாக. இரத்தம் ஏற்றிக்கொள்ள மாட்டார் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும், ஆனாலும் "கத்திக்குக் கீழ படுத்தா எல்லாம் மாறும்" என்று பெரியம்மா சொல்லிவிட்டார், நாங்களும் நம்பிவிட்டோம்.

சரி, பிளட் பாங்க். அடையாள அட்டை கட்டாயம், மறந்துபோய்த் திரும்பி ஓட்டோ பிடிக்காதீர்கள். வயது 18இலிருந்து 60 வரை, முன்பு கொடுத்திருந்தால் 4 மாதம் கழிந்திருக்க வேண்டும், ஹீமோகுளோபின் 12க்கு மேல் இருக்க வேண்டும். படிவத்தில் என்னென்ன வருத்தம், என்ன மருந்து எடுக்கிறீர்கள், வாழ்க்கையில் வேறு சங்கதிகள் என்று ஒளிவுமறைவில்லாமல் கேட்கிறார்கள், மாமி தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்துவிட்டுத் தொண்டையைச் செருமினார். சமயம் என்ன என்று மட்டும் யாரும் கேட்கவில்லை. எனக்கு இது பெரிதாகப் பட்டது, ஏனென்றால் அந்தத் தனியார் ஆஸ்பத்திரியில் முதல் படிவத்திலேயே சமயத்துக்கு ஒரு கட்டம் இருந்தது, அக்கா அதில் தெளிவாக எழுதியும் இருந்தார், அதை யாரும் வாசிக்கவில்லை என்பது ஒப்பரேஷனுக்கு முதல்நாள்தான் தெரியவந்தது.

விரல் நுனியில் குத்தி ஒரு துளி எடுத்துப் பார்த்தார்கள். நானும் நண்பரும் பாஸ். மச்சான் 10.9! ஜிம்முக்குப் போகிற ஆள், தோளெல்லாம் மலை மாதிரி, அவருக்கு இரத்தம் காணாதாம். அங்கிருந்த டொக்டர் நக்கலடிக்காமல், எதனால் குறைந்தது என்று ஒருமுறை வடிவாகப் பரிசோதித்துப் பாருங்கள் என்று பக்குவமாகச் சொல்லி அனுப்பினார். மச்சான் அன்று முழுக்க யாரோடும் கதைக்கவில்லை.

படுத்தால் பத்து நிமிஷத்துக்குள் வேலை முடிந்துவிடும். எறும்பு கடி என்று சொல்லமாட்டேன், ஊசி தடிப்பானதுதான், ஆனால் நேர்ஸ் மிஸ் கதை கொடுத்துக்கொண்டே குத்தியதில் குத்தியது தெரியவில்லை. அப்புறம் பத்துப் பதினைந்து நிமிஷம் இருத்திவைத்துக் குடிக்க இனிப்பாகத் தருகிறார்கள். அங்கேதான் இந்த எழுத்துக்குக் காரணமான கதை தொடங்கியது.

மாமி நேர்ஸ் மிஸ்ஸிடம் கேட்டார், "இது எங்கட பிள்ளைக்குத்தானே போகும், பேர் எழுதி வைப்பீங்களோ?" மிஸ் உடைந்த தமிழில் பொறுமையாக விளக்கினார். பெயரெல்லாம் எழுதுவதில்லை. எடுத்த இரத்தத்தை முதலில் எயிட்ஸ், ஈரல் அழற்சி பி, சி, சிபிலிஸ், மலேரியா என்று பரிசோதிப்பார்கள், பிறகு சிவப்பணு, இரத்தம் உறைய உதவும் பிளேட்லெட், நீர்ப்பகுதியான பிளாஸ்மா என்று பிரித்துவிடுவார்கள். பிளேட்லெட் 5 நாளைக்குத்தான் தாங்கும், சிவப்பணு ஆறு வாரம் வரைக்கும், பிளாஸ்மாவை உறையவைத்தால் ஒரு வருஷம். யாருக்கு அவசரமோ அவருக்குப் போகும், அரசாங்க ஆஸ்பத்திரி, தனியார் ஆஸ்பத்திரி இரண்டுக்கும் இங்கிருந்துதான். இலங்கையில் 2014இலிருந்து முழுக்க முழுக்க விரும்பி, காசு வாங்காமல் கொடுக்கிறவர்களின் இரத்தம்தான், சொந்தக்காரர் வந்து கொடுத்தால்தான் நோயாளிக்குத் தருவோம் என்று இல்லை. அதாவது நாங்கள் படை திரட்டி வந்திருக்கத் தேவையே இல்லை. மாமியின் முகம் சுருங்கிவிட்டது. "அப்ப ஆருக்கோ போகப் போகுது."

நண்பர் முஸ்லிம். அவர் சிரித்துக்கொண்டே, ஓர் உயிரைக் காத்தவர் மனிதர் எல்லோரையும் காத்தவர் மாதிரி என்று குர்ஆனில் ஐந்தாம் அத்தியாயத்தில் இருக்கிறது மாமி, யாருக்குப் போனால் என்ன என்றார். ஆனால் அவரே ஒரு காலத்தில் குழம்பியவர்தான். வாப்பாவுக்கு இருதய வால்வு மாற்ற வேண்டி வந்தபோது, உலோக வால்வு வைத்தால் வாழ்நாள் முழுக்க இரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுக்க வேண்டும், மற்ற வகை பன்றியிலிருந்தோ மாட்டிலிருந்தோ எடுப்பது என்று சொல்லியிருக்கிறார்கள். வீடே அல்லோலகல்லோலம். மௌலவியிடம் ஓடினால் அவர் இரண்டே வசனத்தில் முடித்துவிட்டாராம்: நிர்ப்பந்தம் வந்தால் விலக்கப்பட்டதற்கும் அனுமதி உண்டு, ஆனால் மாட்டு வால்வு கிடைக்கும்போது உங்களுக்கு என்ன நிர்ப்பந்தம்? எனக்கு அந்த இடத்தில் ஒரு சின்ன அதிர்ச்சி. அவர்களுக்குப் பன்றி என்றால் எங்களுக்கு மாடு அல்லவா, எங்கள் வீட்டில் யாருக்காவது வால்வு வைத்தால் இதையெல்லாம் கேட்போமா? கேட்டதே இல்லை. வைத்தார்கள், சுகம் வந்தது, முருகனுக்கு அர்ச்சனை செய்தோம், அவ்வளவுதான்.

மிஸ் பௌத்தர். தான் செத்த பிறகு கண் கொடுக்க எழுதிக் கொடுத்திருப்பதாகச் சொன்னார், அவருடைய அம்மாவும் அப்படியே. இந்த விஷயத்தில் சிங்கள பௌத்தர்களிடம் நாங்கள் கற்றுக்கொள்ளத்தான் வேண்டும். டொக்டர் ஹட்சன் சில்வா 1961இல் கண் தானச் சங்கத்தைத் தொடங்கினார், தன்னுடைய தாயின் கண்களையே எடுத்துக் கொடுத்த மனிதர், அதற்குப் பிறகு இந்தச் சின்னத் தீவிலிருந்து எத்தனையோ நாடுகளுக்குக் கருவிழி போயிருக்கிறது. அதற்குப் பின்னால் தானம் என்ற பாரமி, அதாவது புத்தராக வேண்டியவர் நிறைவாக்க வேண்டிய நற்குணம், இருக்கிறது, கேட்டவனுக்குக் கண்ணைக் கொடுத்த சிவி மன்னன் கதை, புத்தரின் முற்பிறவி பற்றிய ஜாதகக் கதை, இருக்கிறது. வெசாக் பண்டிகை வந்தால் இலவசமாகச் சாப்பாடு கொடுக்கும் தன்சலுக்குப் பக்கத்திலேயே இரத்ததான முகாம் போடுகிறார்கள்.

மாமிக்கு இது பிடிக்கவில்லை. "கண்ணை எடுத்துக் குடுத்தா அடுத்த பிறவியில குருடாப் பிறக்க வேண்டியதுதான்." இப்படி எங்கே எழுதியிருக்கிறது என்று கேட்டேன். மாமிக்குத் தெரியாது, அவருடைய ஆச்சி சொன்னவராம். அப்படியென்றால் கண்ணப்ப நாயனார் என்ன ஆனார், ஒரு கண்ணைத் தோண்டி அப்பிவிட்டு மற்றக் கண்ணுக்கும் அம்பு வைத்தாரே, அவர் மறுபிறவியில் குருடாகப் பிறந்தாரா என்றேன். மாமி கொஞ்சமும் அசரவில்லை. "அவர் சிவனுக்குக் குடுத்தவர் தம்பி. நான் ஆருக்குக் குடுக்கிறது?" அந்த ஹோலில் தமிழ் விளங்கிய எல்லோரும் சிரித்துவிட்டார்கள். பகிடிதான், ஆனால் பெயர் எழுதி வைப்பீர்களா என்று மாமி கேட்டதும் இதே கேள்விதான் என்று எனக்கு அப்போது பட்டது. பழைய சட்டையைக் கழற்றிப் போடுவது போல ஆத்மா உடம்பை விட்டுப் போகிறது என்று செத்தவீட்டு எட்டுச் செலவில் ஐயரை வைத்துச் சொல்லச் சொல்லிக் கேட்கிறோம், அந்தப் பழைய சட்டையில் ஒரு பொத்தானைக் கேட்டால் ஆச்சி சொன்னவ என்கிறோம்.

வீட்டுக்கு வந்து நான் கொஞ்சம் தேடி வாசித்தேன். பாப்பரசர் இரண்டாம் யோவான் பவுல் 2000ஆம் ஆண்டு உறுப்பு மாற்று மருத்துவர்களிடம் பேசும்போது, உறுப்பு தானத்தை அன்பின் செயல் என்றே சொல்லியிருக்கிறார், விற்பனைதான் கூடாது. ஜித்தாவைத் தலைமையகமாகக் கொண்ட சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் (மார்க்கச் சட்ட) அகாடமி 1986இல் மூளைச்சாவையும் 1988இல் உறுப்பு மாற்றையும் எடுத்துப் பேசி, நிபந்தனைகளோடு அனுமதித்திருக்கிறது, அங்கேயும் விற்பது விலக்கு, ஆனால் மூளைச்சாவு பற்றி மார்க்க அறிஞர்களான உலமாக்களுக்குள் இன்றைக்கும் கருத்து வேறுபாடு உண்டு. இலங்கையில் 1987ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது, உயிரோடிருக்கும்போதே சம்மதம் எழுதி வைக்கலாம். எழுதி வைத்தாலும் வீட்டுக்காரருக்குச் சொல்லி வையுங்கள், கடைசியில் சவப்பெட்டிக்குப் பக்கத்தில் நிற்கப்போவது ஒரு மாமிதான்.

இனி அக்கா. ஒப்பரேஷனுக்கு முதல்நாள் கவுண்டரில் இருந்த பிள்ளை ஒரு ஆங்கிலப் படிவத்தை நீட்டி, இரத்தம் ஏற்றச் சம்மதம், இங்கே கையெழுத்து வையுங்கோ என்றார். அக்கா மாட்டேன் என்றார். அப்படியென்றால் மறுப்புப் படிவம், அதுவும் ஆங்கிலம். தமிழில் இல்லையா என்று கேட்டதற்கு, "அன்ரி இப்படிக் கரைச்சல் தந்தா டொக்டர் செய்யமாட்டார்" என்ற பதில். அத்தானைத் தனியே கூப்பிட்டு, மயக்கிய பிறகு நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், நீங்கள் கையெழுத்தை வையுங்கள் என்று ஒருவர் காதோடு சொன்னாராம். எனக்கு இன்றைக்கும் கொதிக்கிறது. அக்காவின் கொள்கையோடு எனக்கு உடன்பாடு இல்லை, துளியும் இல்லை, ஆனால் சித்த சுவாதீனமுள்ள ஒரு பெண் வேண்டாம் என்று சொன்ன பிறகு அவருக்குத் தெரியாமல் செய்வோம் என்பது வைத்தியமா?

அக்கா பதற்றப்படவில்லை. ஹாண்ட்பாக்கிலிருந்து கையெழுத்திட்ட ஒரு அட்டையையும் ஒரு ஃபைலையும் எடுத்து வைத்தார். முழு இரத்தம், சிவப்பணு, வெள்ளணு, பிளேட்லெட், பிளாஸ்மா வேண்டாம். அல்புமின், இம்யூனோகுளோபுலின் மாதிரி இரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த சிறு கூறுகள் அவரவர் மனச்சாட்சி, அவர் அதை ஏற்றுக்கொள்வார். தன் சொந்த இரத்தத்தையே முன்கூட்டி எடுத்துச் சேமித்து வைப்பதும் வேண்டாம், ஆனால் ஒப்பரேஷனின்போது வழியும் இரத்தத்தை மெஷினில் சுத்திகரித்து, தொடர்பு அறாமல் உடனே திருப்பிவிடுவது சரி. ஆதியாகமம் 9, லேவியராகமம் 17, அப்போஸ்தலர் 15 என்று வசனங்கள். அமெரிக்காவில் டென்டன் கூலி என்ற இருதய சத்திர சிகிச்சை நிபுணர் இவர்களில் 500க்கும் மேற்பட்டவர்களுக்கு இரத்தம் ஏற்றாமலே ஒப்பரேஷன் செய்து 1977இல் அறிக்கை வெளியிட்ட விபரமும் அதில் இருந்தது.

உறுப்பு மாற்று எப்படி என்று கேட்டேன். மறைக்காமல் சொன்னார்: 1967இல் அவர்களுடைய பத்திரிகை அதை நரமாமிசம் தின்பதோடு ஒப்பிட்டு எழுதியது, 1980இல் அதை மாற்றி அவரவர் மனச்சாட்சிக்கு விட்டுவிட்டார்கள். "அப்ப அந்தப் பதின்மூண்டு வருஷத்தில கிட்னி வேண்டாமெண்டு செத்தவையின்ர கணக்கு?" என்று வாய்தவறிக் கேட்டுவிட்டேன். அக்கா பதில் சொல்லவில்லை. சின்னப் பிள்ளைக்கு இரத்தம் தேவைப்பட்டால் என்ன செய்வாய் என்று அடுத்ததாகக் கேட்க நினைத்து விட்டுவிட்டேன், ஒப்பரேஷனுக்குக் காத்திருக்கிற மனுஷியிடம் கேட்கிற கேள்வியா அது.

ஆனால் ஒன்று ஒத்துக்கொள்கிறேன். எங்கள் கூட்டத்திலேயே சமயம் உண்மையாகத் தடுத்த ஒரே ஆள் அக்காதான், அந்த ஒருவர்தான் எல்லாவற்றையும் வாசித்து, எழுதி, கையெழுத்து வைத்து வைத்திருந்தார். கொடு என்று சொல்கிற சமயங்களில் பிறந்த நாங்கள் ஒரு வரி வாசித்ததில்லை, பயத்துக்கு ஆச்சியையும் அடுத்த பிறவியையும் சாட்டிக்கொண்டிருந்தோம்.

முடிவில் வேறொரு டொக்டர், வேறொரு இடம். அவர் படிவத்தைத் தமிழில் வாசித்துக் காட்டினார், செத்துப்போகவும் கூடும் என்பதையும் சுற்றிவளைக்காமல் சொன்னார். மாதவிடாயை நிறுத்தும் மருந்து கொடுத்து, நரம்பில் இரும்புச்சத்து ஏற்றி, ஏழு வாரம் பொறுத்து ஹீமோகுளோபினை 12க்குக் கொண்டுவந்த பிறகுதான் கத்தியைத் தொட்டார். சோதனைக்கு இரத்தம் எடுப்பதைக்கூட சின்னப் பிள்ளைகளுக்கான சின்னக் குழாயில் எடுத்தார்கள். ஒப்பரேஷனுக்குப் பிறகு 9. நாங்கள் இரண்டு இரவு தூங்கவில்லை, அக்கா வடிவாகத் தூங்கினார்.

போன ஞாயிறு கொட்டாஞ்சேனைக்குப் பார்க்கப் போனோம். மச்சான் இப்போது முருங்கைக்கீரை வாங்காமல் சந்தையை விட்டு வருவதில்லை, 4 மாதம் கழிந்து நானும் நண்பரும் போகும்போது தானும் வருவாராம். மாமி வாய் சும்மா இருக்காமல், உனக்கெண்டுதான் பிள்ளை இவங்கள் இரத்தம் குடுத்தவங்கள், அது ஆருக்கோ போட்டுது என்று போட்டு உடைத்துவிட்டார். இரத்தம் கொடுப்பதும் அக்காவின் கணக்கில் பிழைதான் என்று எனக்குத் தெரியும். அக்கா கொஞ்ச நேரம் என் கையைப் பார்த்தார், ஊசி குத்திய இடத்தில் ஒன்றுமே இல்லை.

"நொந்ததோ தம்பி?" என்றார். இல்லை என்றேன். தேத்தண்ணி போட எழும்பினார், மாமி அவரைப் பிடித்து இருத்திவிட்டுத் தானே குசினிக்குப் போனார்.