திர்ஹாம் கடனா ரூபாய் கடனா? ஒத்தக்கடை வீட்டுக்கு நான் போட்ட கணக்கு

ஷார்ஜால உக்காந்துக்கிட்டு மதுரை ஒத்தக்கடை பக்கம் ஒரு வீடு வாங்கணும், குடியிருக்க இல்ல, வாடகைக்கு விட. ஹைகோர்ட் கிளை 2004ல அங்கிட்டு வந்ததுல இருந்து குடிவர ஆளுக்குப் பஞ்சமே இல்லன்னு மச்சான் ஓதிக்கிட்டே இருக்கான். வீடு 50 லட்சம், கடன் 40 லட்சம் வேணும். அதை எந்த ஊர்ல வாங்குறதுன்னுதான் மூணு மாசமா வீட்ல பஞ்சாயத்து.

மாமா ஒருத்தரு "எதுக்குப்பா வீடு, மேலூர் பக்கம் தென்னந்தோப்பு வருது, அதைப் போடு"ங்கிறாரு. என்ஆர்ஐ, அதாவது வெளிநாட்டுல இருக்கிற நம்மாளு, தோட்டம், வயக்காடு, பண்ணை வீடு எதையும் காசு குடுத்து வாங்க முடியாது மாமா, பரம்பரையா வந்தா வச்சுக்கலாம் அம்புட்டுதான். வீடு, ஃப்ளாட், கடைன்னா தாராளமா வாங்கலாம், ரிசர்வ் பேங்க்ட்ட போய் நிக்க வேணாம்.

சரி கடனுக்கு வருவோம். இங்க பேங்க்ல பர்சனல் லோன் எடுக்கிறது ரொம்ப ஈஸி, சம்பள அக்கவுண்ட் இருந்தா போதும், மூலப்பத்திரம் வில்லங்கம்னு ஒரு பேப்பரும் கேக்க மாட்டாய்ங்க. ஆனா யுஏஇ ரூல் என்னன்னா சம்பளத்தைப் போல 20 மடங்குதான் அதிகபட்சம், 48 மாசத்துல முடிக்கணும், எல்லா தவணையும் சேர்ந்து சம்பளத்துல பாதியத் தாண்டக் கூடாது. ஒரு திர்ஹாம் 23 ரூபாய்னு வச்சா 40 லட்சம்ங்கிறது 1,74,000 திர்ஹாம் பக்கம், 6 சதவீத வட்டின்னு போட்டா மாசம் 4,090 திர்ஹாம் வருது, நம்ம காசுக்கு 94,000 ரூபாய்! இந்தக் கடன் கிடைக்கவே 8,700 திர்ஹாம் சம்பளம் வேணும், அதுல பாதி போக மிச்சத்துல வாடகை, சாப்பாடு, ஊருக்கு அனுப்புறது எல்லாம் பாத்துக்கணும்.

ஊர்ல என்ஆர்ஐ ஹோம் லோன்னா அதே 40 லட்சம், 20 வருசம், 8.5 சதவீதம்னு போட்டா இஎம்ஐ 34,700 ரூபாய், அதாவது 1,510 திர்ஹாம். பாதி கூட இல்ல பாருங்க. "20 வருசத்துல வட்டி மட்டும் 43 லட்சம் கட்டுவியே, திர்ஹாம் லோன்ல அஞ்சு லட்சத்துல முடிஞ்சிரும்ல"னு மச்சான் கேட்டான், நியாயமான கேள்விதான். ஆனா அந்த வித்தியாசம் வட்டியால வர்றதை விட வருசத்தால வர்றதுதான் ஜாஸ்தி. வட்டி ஏறி இறங்குற ஃப்ளோட்டிங் ரேட் ஹோம் லோனை முன்கூட்டியே கட்டுனா அபராதம் கிடையாது, அப்ப கையில காசு இருக்கிற மாசம் 4,000 திர்ஹாம் கட்டிட்டு இல்லாத மாசம் 1,510 கட்டலாம். திர்ஹாம் லோன்ல அந்த சவுகரியமே இல்ல, வேலை போச்சுன்னா அன்னைக்கும் 4,090தான், விசா கேன்சல் ஆகப்போற நேரத்துல பேங்க்காரன் வேற, வேலை முடியும்போது கம்பெனி தர்ற செட்டில்மென்ட் காசைப் பிடிச்சு வச்சுக்குவான்.

இன்னொன்னு, இதைத்தான் நான் பெருசா பாக்கிறேன். நம்ம சம்பளம் திர்ஹாம், வீட்டு வாடகை ரூபாய். ஒரு டாலருக்கு 3.6725னு திர்ஹாமைக் கட்டிப் போட்டு வச்சிருக்காய்ங்க, அதனால ரூபாய் சரிஞ்சா நமக்கு ஏறுது. 2014 ஆரம்பத்துல ஒரு திர்ஹாம் 17 ரூபாய், 2024 ஆரம்பத்துல 22.60. அதே 34,700 ரூபாய் இஎம்ஐக்கு அன்னைக்கு 2,040 திர்ஹாம் அனுப்பியிருக்கணும், பத்து வருசம் கழிச்சு 1,535 போதும். ரூபாய் கடன் நமக்குக் கரையுது, திர்ஹாம் கடன் கரையவே கரையாது, வர்ற வாடகை வேற திர்ஹாம் கணக்குல இளைச்சுக்கிட்டே போகும். ரூபாய் இப்டியே சரியும்னு யாரும் எழுதிக் குடுக்கல, ரிசர்வ் பேங்க்கோட ரெப்போ வட்டி ஏறுனா இஎம்ஐயும் ஏறும், அது தெரிஞ்சுதான் சொல்றேன்.

அப்பா பேருல கடன் எடுக்கலாம்ங்கிறது அம்மா யோசனை. அப்பாவுக்கு 63, 20 வருசம் எவன் குடுப்பான்? அதோட காசு என்னுது, பத்திரம் தனியா அவர் பேருலன்னா நாளைக்கு பினாமிக் கேள்வி வரும், ரெண்டு பேர் பேரும் சேத்துப் போடணும். என்ஆர்இ (வெளிநாட்டுச் சம்பாத்தியத்தை ஊர்ல போட்டு வைக்கிற அக்கவுண்ட்) டெபாசிட் மேல கடன் வாங்குறது வட்டிக்கு லாபம், டெபாசிட் வட்டிக்கு இந்தியாவுல வரி இல்லங்கிறதால கையை விட்டுப் போறது ஒன்னு ரெண்டு சதவீதம்தான், ஆனா அந்தக் கடன்ல வீடு வாங்குறதுன்னா சொந்தமா குடியிருக்கத்தான்னு ரூல், நம்ம கேஸுக்கு ஒத்து வராது. மொதல்ல என்கிட்ட 40 லட்சம் டெபாசிட் இருந்தா நான் ஏன் இதை எழுதிக்கிட்டு இருக்கேன்.

ரூபாய் லோன்லயும் கையில இருந்து போறது கம்மி இல்ல. பேங்க் 80 சதவீதம்தான் தரும், மீதி 10 லட்சம் நம்முது. முத்திரைத்தாள் 7, பதிவு 2ன்னு 9 சதவீதம், 4.5 லட்சம், அதையும் பேங்க் தராது. விலை சரியா 50 லட்சம்னா விக்கிறவருக்குக் குடுக்கிறதுல ஒரு சதவீதம் டிடிஎஸ் (முன்கூட்டியே பிடிக்கிற வருமான வரி) பிடிச்சுக் கட்டணும், 49.9ன்னா, முத்திரைத்தாளுக்கு அரசு போடுற மதிப்பும் 50க்குக் கீழ இருந்தா, கிடையாது, இதை வச்சே புரோக்கர்ட்ட பேரம் பேசலாம். வாடகைக்கு வர்றவரு 30 சதவீதத்துக்கு மேல டிடிஎஸ் பிடிக்கணும்ங்கிறதுதான் பெரிய தலைவலி, சொன்னா பாதிப் பேரு அடுத்த தெருவுக்குப் போயிருவாய்ங்க. பிடிச்ச காசை ரிட்டர்ன் போட்டு வாங்கிக்கலாம்தான்.

இஎம்ஐய என்ஆர்இ அக்கவுண்ட்ல இருந்தே கட்டப்போறேன், வாடகை என்ஆர்ஓல (ஊர்ல வர்ற வருமானத்துக்கான அக்கவுண்ட்) விழட்டும். நாளைக்கு வித்துட்டு காசை வெளிய கொண்டுபோகணும்னா, வெளிநாட்டுக் காசுதான் கட்டுனோம்னு காட்ட அது வேணும், அந்தச் சலுகையும் ரெண்டு வீட்டுக்குத்தான்.

இப்ப மச்சானுக்குப் பவர் குடுக்கிற வேலை ஓடுது. போன தடவை ஒரு பேங்க்ல வாசகம் சரியில்லன்னு திருப்பி விட்டுட்டாய்ங்க, அதனால இந்தத் தடவை அவங்க வாசகத்தையே மெயில்ல வாங்கி கான்சுலேட்ல அட்டஸ்ட் பண்ணிருக்கேன். ஊருக்குப் போய்ச் சேர்ந்து மூணு மாசத்துக்குள்ள அதுக்கு முத்திரைக் கட்டணம் கட்டிரணும், மச்சானுக்கு ரெண்டு தடவை போன் போட்டு சொல்லியாச்சு.