சீயக்காயா, ஷாம்பூவா? பினாங்கு வீட்டுக் குளியலறையிலிருந்து ஓர் ஒப்பீடு

சீயக்காயையும் ஷாம்பூவையும் ஒப்பிடுவோர் பெரும்பாலும் இயற்கை, செயற்கை என்ற இரு சொற்களோடு தீர்ப்பை முடித்துவிடுகிறார்கள். அன்று தலையில் இருப்பது எண்ணெயா, வியர்வையா என்று கேட்காமல் எது நல்லதென்று சொல்ல முடியாது என்பதே என் கருத்து.

‘ஷாம்பூ’ என்ற சொல், அழுத்து, பிசை என்று பொருள்படும் ‘சாம்ப்னா’ என்னும் இந்தி வினையிலிருந்து ஆங்கிலத்துக்குப் போனது. பாட்னாவில் 1759இல் பிறந்த சேக் தீன் முகமது, இங்கிலாந்தின் பிரைட்டன் நகரில் நீராவிக் குளியலகம் நடத்தி, நான்காம் ஜார்ஜ், நான்காம் வில்லியம் ஆகிய மன்னர்களின் ‘ஷாம்பூ மருத்துவர்’ ஆனார். அவர் செய்தது உடம்பு பிடித்துவிடுவது. தலை கழுவுவது அன்று. அச்சொல்லுக்கு அந்தப் பொருள் பின்னரே வந்து சேர்ந்தது. பெர்லினில் ஹான்ஸ் சுவார்ஸ்கோஃப் 1903இல் தூளாகவும் 1927இல் திரவமாகவும் ஷாம்பூவை விற்றார்; 1930களில் சோப்பில்லாத செயற்கை அழுக்குநீக்கிகள் வந்த பிறகே இன்றைய ஷாம்பூ உருவெடுத்தது. ஆகவே, எண்ணெய் வைத்து உச்சந்தலையை அழுத்தித் தேய்த்துவிடும் நம் பாட்டிமார்தான் அச்சொல்லின் பழைய பொருளுக்கு நெருக்கமானவர்கள்.

எண்ணெய் முழுக்குக்குச் சீயக்காயை விஞ்ச எதுவுமில்லை. அதன் காயிலுள்ள சப்போனின் என்னும் நுரைதரும் பொருள் மெல்ல நுரைத்து, மிகுதி எண்ணெயை எடுத்துவிட்டு, முடிமேல் ஒரு மெல்லிய பூச்சை விட்டுவைக்கிறது. லெபோ பாசார் தெரு மளிகைக் கடையில் வாங்கிய தூளை நாங்கள் சோறு வடித்த கஞ்சியிலும், வேலியோரச் செம்பருத்தி இலைச்சாற்றிலும் குழைக்கிறோம். தீபாவளி விடியலில் அந்தக் கிண்ணத்திலிருந்து எழும் புளிப்பு கலந்த மணம் வேறு எந்தப் பொருளிலும் கிடைக்காது. ஆனால் பழுப்புச் சாறு நெற்றியில் வழிந்து கண்ணில் இறங்கினால் எரிச்சல் தாங்காது; காய்ந்தபின் சீப்பில் தூள் உதிரும்; அடுக்குமாடி வீட்டில் தண்ணீர் போகும் துளையும் அடைத்துக்கொள்ளும்.

எண்ணெய்த் தலைக்கு ஷாம்பூ போட்டால் ஒருமுறை போதாது. இரண்டாம் முறை போடும்போது முடியின் இயல்பான எண்ணெயும் சேர்ந்து போய், நுனி வறண்டுவிடுகிறது. ஆனால், தலைக்கவசத்துக்குள் நண்பகல் வரை வியர்த்துவிட்டு வீடு திரும்பும் வேலைநாளில் ஷாம்பூதான் பொருத்தம். சுங்கை மூடா ஆற்றிலிருந்து நமக்கு வரும் குழாய்நீரில் கடினத்தன்மை குறைவு என்பதால், உள்ளங்கையில் ஒரு புளியங்கொட்டையளவு ஷாம்பூவே நன்றாக நுரைக்கும்; விளம்பரத்தில் ஊற்றுவதுபோல் ஊற்ற வேண்டியதில்லை. குளியல் சோப்பை இந்தப் போட்டியில் நான் சேர்ப்பதே இல்லை. அதன் காரத்தன்மை முடியின் மேலடுக்கைத் தூக்கிச் சொரசொரப்பாக்கிவிடும்.

பொடுகு வந்தால் கதை மாறுகிறது. பொடுகுக்குக் காரணமான மலசீசியா என்னும் பூஞ்சை தலையின் எண்ணெய்ப் பசையை உண்டே வளர்வது. அப்படியிருக்க, மேலும் எண்ணெய் வைத்துச் சீயக்காயால் கழுவுவது அதற்குத் தீனி போடுவதாகும். அந்த வாரங்களில் கீட்டோகோனசோல் என்னும் பூஞ்சைக்கொல்லி கலந்த மருந்து ஷாம்பூவைத் தேய்த்துச் சில நிமிடங்கள் ஊறவிட்டு அலசுவதே சரி. எண்ணெய் முழுக்கைப் பொடுகு போகும்வரை தள்ளிவைக்கலாம்.

சீயக்காயின் தூள் தொல்லைக்கு என் அம்மா கண்ட வழி எளியது. இரவே தூளை வெந்நீரில் ஊறவைத்து, காலையில் பழைய வேட்டித் துணியில் பிழிந்து, சாற்றை மட்டும் தலையில் ஊற்றுவார். சீப்பில் ஒரு பொட்டுத் தூளும் வராது. குளியலறைத் துளையும் அடைக்காது.