தடித்த சுவரா, நல்ல மணல் படுக்கையா? காலாங் களிமண்ணில் எஃகுக் குழாய்

சிங்கப்பூரில் காலாங் பக்கம், தண்ணீர்க் குழாய் பதிக்கும் ஒரு வேலையிடத்தில் குழியோரம் நின்றிருந்தபோது, புதிதாகச் சேர்ந்த தம்பி கேட்டார்: “அண்ணே, குழாய்ச் சுவரை 12 மில்லிமீட்டரிலிருந்து 16 மில்லியாக்கிட்டா, மண்ணுக்குள்ள குழாய் நசுங்குற தொல்லை தீந்துடும்ல?” பாதி தீரும், மீதி தீராது. எந்தப் பாதி என்று தெரியாமல் எஃகுக்குக் காசைக் கொட்டுவதைப் பலமுறை பார்த்துவிட்டதால் இதை எழுதுகிறேன்.

1,200 மில்லி விட்டமுள்ள தண்ணீர்க் குழாய், உள்ளே 10 பார் அழுத்தம் என்று வைத்துக்கொள்வோம். 12 மில்லி சுவரில் அதனால் வரும் இழுவிசை 50 மெகாபாஸ்கல்தான். சாதாரணக் குழாய் எஃகே 200க்கு மேல் தாங்கும். தண்ணீருக்கு 12 மில்லி தாராளம். தொல்லை வெளியிலிருந்து வருகிறது.

மேலே 2 மீட்டர் மண் ஏறியதும் குழாய் தோசைக்கல்லில் தட்டிய மாவு போல மெல்ல அகலப் பார்க்கும். அதைப் பிடித்து நிறுத்துவது பக்கவாட்டு மண். குழாய் எவ்வளவு அகலும் என்று கணிக்க அமெரிக்காவின் அயோவாவில் பொறியாளர் ஸ்பேங்ளர் 1941இல் தந்த சூத்திரம், பின்னால் திருத்தப்பட்ட வடிவில், இன்றும் நம் மேசைகளில் இருக்கிறது. அதில் போட்டுப் பார்த்தேன். காலப்போக்கில் கூடும் தளர்வுக்கு 1.5 மடங்கும் சேர்த்தேன். நன்றாக இறுக்கிய மணலில் 12 மில்லிக் குழாய் சுமார் 12 மில்லி அகலும், அதாவது விட்டத்தில் 1 விழுக்காடு. அதே குழாய் தளர்ந்த மண்ணில் 31 மில்லி அகலும். அதே தளர்ந்த மண்ணில் 16 மில்லிக் குழாய் போட்டால் 17 மில்லி. தடித்த குழாய் சேற்றில் கிடப்பதைவிட மெல்லிய குழாய் நல்ல மணலில் கிடப்பது மேல். உள்ளும் புறமும் சிமெண்ட் சாந்து பூசிய குழாய்க்கு 2 விழுக்காட்டுக்கு மேல் விடுவதில்லை. 31 மில்லி என்றால் பூச்சு விரிசல் விட்டு, துரு உள்ளே நுழைய வழி கிடைத்துவிடும்.

நல்ல மணல் போட்டுவிட்டேன் என்று நிம்மதியாகவும் இருக்க முடியாது. இங்கே கடற்களிமண்ணில் தோண்டும்போது ஷீட் பைல் என்ற எஃகுப் பலகைகளை மண்ணில் அடித்துத்தான் குழியை நிறுத்துகிறோம். வேலை முடிந்து அதைப் பிடுங்கும்போது சாம்பல் நிறக் களிமண் கொத்தாக ஒட்டிக்கொண்டு மேலே வரும். அது விட்டுப்போன இடைவெளிக்குள், அரும்பாடுபட்டு இறுக்கிய மணல் சரியும். காகிதத்தில் இருக்கும் பக்கத் தாங்கல் அன்று மாலையே பாதி போயிருக்கும். குழியை அகலமாக எடுங்கள், மணலைத் துணியால் சுற்றுங்கள், பைலை மெதுவாகப் பிடுங்கி இடைவெளியை உடனே நிரப்புங்கள். இந்தச் செலவை வெட்டாதீர்கள்.

சரி, 16 மில்லி எங்கே தேவை? பம்ப் ஹவுஸ் சுவரோரம். கட்டடம் ஆழத்தில் ஊன்றிய அடித்தளத் தூண்கள் மேல் நிற்கிறது, அசையாது. வெளியே களிமண் வருடக்கணக்கில் இறங்கிக்கொண்டே இருக்கும். குழாய் சுவரில் மாட்டிக்கொண்டு வெளியே தலை குனியும். மேல்புறம் இழுபடும், அடிப்புறம் நசுங்கும். இழுவையை மெல்லிய எஃகுச் சுவர் நன்றாகத் தாங்கும், நசுக்கினால் மடிந்துவிடுவதுதான் அதன் பலவீனம். ஒருமுறை வெட்டி எடுத்த துண்டில் கையை வைத்துப் பார்த்தேன். சுவரிலிருந்து ஒரு முழத்தில், அடிப்புறத்தில், வளையல் மாட்டியது போல ஒரு புடைப்பு. மேலிருந்து பார்த்தவருக்குக் குழாய் புதிதுதான். வழக்கமான கணக்குப்படி 12 மில்லிச் சுவர் நீளவாக்கில் கால் விழுக்காடு சுருங்கும்போதே மடியத் தொடங்கும். 16 மில்லி 0.4 விழுக்காடு வரை நிற்கும். இங்கே அந்த 4 மில்லி காசுக்குத் தகும்.

பற்றவைக்கும் விதமும் அதே அளவு முக்கியம். ஒன்றுக்குள் ஒன்று செருகிப் பற்றவைத்த மூட்டில் விசை நேர்கோட்டில் போகாது, அங்கேதான் முதலில் மடியும். 1994 நார்த்ரிட்ஜ் நிலநடுக்கத்தில் லாஸ் ஏஞ்சலிஸின் பெரிய நீர்க்குழாய்கள் இப்படி மடிந்தன. முனைக்கு முனை பற்றவைத்த 2.2 மீட்டர் குழாய் ஒன்று, 1999இல் துருக்கியின் குல்லாரில் நிலப்பிளவு சுமார் 3 மீட்டர் நகர்ந்தபோது மடிந்து கசிந்தது, ஆனால் துண்டாகவில்லை. நமக்கு அப்படிப்பட்ட பிளவு இல்லை, இறங்கும் மண் இருக்கிறது.

எஃகுக்குப் பதில் வேறு குழாய் போடலாமே என்றால், டக்டைல் அயர்ன் என்ற வளைந்துகொடுக்கும் வார்ப்பிரும்புக் குழாயில் ஏறக்குறைய 6 மீட்டருக்கு ஒரு ரப்பர் மூட்டு, ஒவ்வொன்றும் கொஞ்சம் திரும்பிக்கொடுக்கும். சீராக இறங்கும் மண்ணுக்கு அது அருமை. இழுத்தால் கழன்றுவிடும். 1995இல் ஜப்பானின் கோபே நிலநடுக்கத்தில் சாதாரண மூட்டுகள் கழன்றன, பூட்டு வைத்த மூட்டுகள் நின்றன. அப்புறம் பாலிஎத்திலீன் என்ற பிளாஸ்டிக் குழாய்: துருப்பிடிக்காது, நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் நிலநடுக்கத்திலும் நன்றாகத் தாங்கியது. சின்னக் குழாய்களுக்கு நான் அதைத்தான் சொல்வேன். ஆனால் 1,200 மில்லிக்கும் 10 பாருக்கும் அதன் சுவர் 71 மில்லி வரும். இவ்வளவு தடிமன் இருந்தும், நாளடைவில் அதன் வளைய விறைப்பு, அதாவது வட்டம் நசுங்காமல் எதிர்க்கும் வலு, 12 மில்லி எஃகில் கால்வாசிதான்.

அதனால் அந்தத் தம்பியிடம் சொன்னேன்: பம்ப் ஹவுஸ் சுவரோரம் முதல் இரண்டு குழாய்கள் 16 மில்லி, முனைக்கு முனை வெல்டிங், மற்றதெல்லாம் 12 மில்லி. மிச்சமாகும் காசு குழியின் அகலத்துக்கு. பைல் பிடுங்குவதற்கு முன்னால் ஒருமுறை, பிடுங்கி ஒரு வாரம் கழித்து ஒருமுறை, பாதுகாப்பு அனுமதியோடு உள்ளே தவழ்ந்துபோய்க் குறுக்கு விட்டத்தை அளக்க வேண்டும். அவர் நோட்டைத் திறந்து, அளக்க வேண்டிய இடங்களை 3 மீட்டருக்கு ஒன்றாகக் குறிக்க ஆரம்பித்தார்.